அனுவின் கன்னத்து மை

புதுப்பட்டினம்
11.4.2006

என் கண்ணு ரோகிணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் தங்கம் அனுவும் சிரித்த முகமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

அனுவுக்கும் அட்டை வந்துவிட்டது என்று நீ போனில் சொன்ன சந்தோஷத்தில் அடுப்பில் பாலை மறந்தேன், பொங்கி வழிந்தது, போகட்டும், நல்ல சகுனம்தான். உன் அப்பாவுக்கு வாய் நிற்கவில்லை. மீன் வாங்கப் போன இடத்தில் முனியம்மாவிடம், என் பெண்ணுக்குக் கனடாவில் வீடு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் வேலை, நம்பிக்கையான ஆள் என்று விசாரித்து அட்டை கொடுத்துவிட்டால் எல்லைப் பாலத்தில் தனி வழியில் சட்டென்று விட்டுவிடுவார்கள் என்று ஒரே பிரசங்கம். அவள், ஐயே, பச்ச கொயந்தைக்குமா அட்ட கேக்கறானுங்க, அது இன்னாத்த கடத்திகினு போவப் போவுது என்றாளாம். நியாயம்தானே! காரில் இருக்கிற அத்தனை பேருக்கும் அட்டை இருந்தால்தான் அந்த வழி என்று சட்டம் போட்டவர்கள் பிள்ளை வளர்த்திருக்க மாட்டார்கள். ஆபீஸ் காப்பகத்தில் விடக் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, நீள வரிசையில் ஒன்றரை மணி நேரம், அது பசியில் வீறிட, வேலையையே விட்டுவிடுகிறேன் என்று நீ அழுதாயே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அனுவின் அட்டை தாமதமானதெல்லாம் என்னால் வந்த வினை. நீ பிரசவத்துக்கு வந்திருந்தபோது, குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்த ஸ்டூடியோ சின்னையன், கன்னத்துல மை கீதும்மா, தொடச்சிடலாமா என்று கேட்டான். கண் பட்டுவிடும், இருக்கட்டும் என்றது நான்தான். அட்டைக்கு நேரில் போனபோது அந்த அதிகாரி அதை மச்சம் என்று நினைத்து, படத்தில் இருக்கிற மச்சம் குழந்தைக்கு எங்கே என்று உங்களைத் திருப்பி அனுப்புவார் என்று நான் கண்டேனா? அதனால்தான் பெயர் வைத்த அன்றும் அதற்குப் பிறகு வேறு வேறு நாளிலும் எடுத்த படங்களைக் கூரியரில் அனுப்பினேன். ஒன்றில் நெற்றியில் மை, ஒன்றில் வலது கன்னத்தில், ஒன்றில் உள்ளங்காலில். மச்சம் இப்படி ஊர் சுற்றுமா என்று அவரே சிரித்துவிட்டாராமே, மகராசன் நன்றாக இருக்கட்டும். அட்டையை மட்டும் குழந்தை கையில் கொடுத்துவிடாதே, கடித்துவைக்கும். மையைக் காலில் வை, போதும்.

எங்களுக்கும் விசா வந்துவிட்டதடி! ஜூனில் அமெரிக்கப் பக்கம் விமானம் இறங்கினால் நீதான் பாலம் தாண்டி அழைத்துப் போக வேண்டும். எங்களிடம் அட்டை இல்லையே, எங்களால் நீ மறுபடியும் அந்த நீள வரிசையில் நிற்பாயே என்று நீ அனுவின் அட்டை பற்றிச் சொன்ன அன்றே போனில் வருத்தப்பட்டேன். நீங்க ரெண்டு பேரும் பின்னாடி உக்காந்திருந்தா மூணு மணி நேரம்னாலும் நிப்பேன்மா என்றாய். அப்பாவிடம் சொன்னேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூவரும் நூறு வயது நன்றாக இருங்கள். காரை நிதானமாக ஓட்டு, குழந்தைக்குப் போட ஒரு ஸ்வெட்டர் எடுத்து வர மறக்காதே. வழியில் தின்ன நான் இரண்டு டப்பா முறுக்கு சுட்டு வருகிறேன். அன்றைக்கு ஒரு நாள் அந்த வரிசை நீளமாகவே இருக்கட்டும்.

உன் அம்மா,
சகுந்தலா பன்னீர்செல்வம்