பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் போன ராணி

அஞ்சல, என் கூடப் பொறந்த கண்ணே,

நீ போய் நாப்பது நாள் ஆயிடுச்சு. எனக்கு அஞ்சாங்கிளாஸ் படிப்பு. எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் எழுதறதுக்குள்ள ஓஞ்சு போறேன். ஆனாலும் இதை உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்ல?

உன் சாவுப் போஸ்டரை நான் கடலூர் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். நின்னு படிச்சேன். "குமராட்சி அரண்மனை ராணியார் இயற்கை எய்தினார்"னு மட்டும் போட்டிருந்தது. உன் பேரு இல்ல, முகமும் இல்ல. அந்த வீட்டுப் பொம்பளைங்க பேரையும் படத்தையும் தெருச் சுவத்துல ஒட்டக்கூடாதாமே. ஒரு குத்துவிளக்குப் படம்தான் இருந்தது. உன் மாமியார்க் கிழவிதான் போயிட்டான்னு நெனச்சேன். நெனச்சது மட்டும் இல்லடி, சந்தோசப்பட்டேன். ரெண்டு மொழம் மல்லி வாங்கித் தலையில வச்சிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த நேரம் நீ குமராட்சி அரண்மனைக் கூடத்துல கிடந்திருக்க.

ஏன் சந்தோசப்பட்டேன்னு உனக்குத் தெரியும். உன் மவ கயல் வயசுக்கு வந்தப்ப, எங்க வீட்டுக்காரரும் நானும் இருவத்தோரு தட்டு சீர் கொண்டாந்தோம். முன் வாசல் வழியா வரக்கூடாதுன்னு பின்கட்டுல திருப்பிவிட்டவ அந்தக் கிழவி. நான் கை நனைக்காம பஸ் ஏறினேன். பதினோரு வருசம். அதுக்கப்புறம் அந்த வாசல மிதிக்கல. செம்மங்குப்பத்துல நம்ம வீடு, நெலம் எல்லாம் கம்பெனிக்குப் போச்சு, நாங்க கடலூருக்கு வந்துட்டோம்னுகூட அவுங்களுக்குச் சொல்லல, உன்னையும் சொல்ல விடல. "என் நம்பரை அந்த வீட்டுல ஒருத்தருக்கும் குடுக்காத"ன்னு உன்கிட்ட சத்தியம் வாங்கினவளும் நாந்தான்.

நீ என்ன சொகத்தைக் கண்ட? கல்யாணத்தன்னிக்குத் திரை போட்ட கார்ல கூட்டிட்டுப் போனாங்கன்னு ஊரே வாயைப் பொளந்துச்சு. அந்தக் காரும் போச்சு, வேலையாளுங்களும் போனாங்க, ஓடு ஒழுகுச்சு. வெள்ளித் தட்டுல ரேஷன் அரிசிச் சோறு தின்ன. நீயே கார்டை எடுத்துக்கிட்டுப் போயி நின்னப்ப, "ராணியம்மா வர்றாங்க"ன்னு வரிசையே ஒதுங்குச்சாமே. "வரிசையில நின்னது வெக்கமா இல்லக்கா, அவுங்க வழி விட்டதுதான் வெக்கமா இருந்துச்சு"ன்னு சொன்ன. சிதம்பரம் பக்கத்துலயே இருந்துகிட்டு ஆனித் திருமஞ்சனத் திருவிழாவுல ஒரு தடவை கூட்டத்தோட கூட்டமா தேர் பாக்கணும்னு ஆசப்பட்ட. பாத்தியாடி? கேக்க மறந்துட்டேன்.

வாரா வாரம் ஞாயித்துக்கெழம வர்ற உன் போன் வரல. மாமியா காரியத்துல இருப்பன்னு விட்டுட்டேன். அஞ்சாம் நாள் உன் நம்பர்லேந்து வந்துச்சு.

"ஹலோ, கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்."

"கேஸா? யாரும்மா நீ? இது என் தங்கச்சி நம்பராச்சே."

"அம்மா போன்ல கேஸ்னுதான் இருக்கு."

எனக்குத் தந்த சத்தியத்துக்காக என் பேரைக் கேஸ்னு போட்டு ஒளிச்சு வச்சிருக்க. "அம்மா எங்கடி?"ன்னேன். "பெரியம்மாவா?"ன்னு கேட்டுட்டு உன் மவ அழ ஆரம்பிச்சா.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோடிச் சேலை வாங்கிக்கிட்டுப் போனேன். பொம்பள செத்தா, பொறந்த வீட்டுச் சேலைதான் கடைசியா மேல விழணும். நமக்கு அண்ணன் தம்பி இல்ல. போட வேண்டியவ நான் ஒருத்திதான். போடாம விட்டேனே. முன் வாசல் வழியாத்தான் போனேன், ஒருத்தரும் தடுக்கல.

உன் வீட்டுக்காரர் தல குனிஞ்சிக்கிட்டே, "செம்மங்குப்பத்துக்கு ஆள் அனுப்பினோம் அண்ணி. வீடு இருந்த எடத்துல காம்பவுண்டு சுவருதான் இருக்குன்னாரு. வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டு வந்துட்டாரு"ன்னாரு.

"வாட்ச்மேன் வந்து கோடி போடுவானா மாப்ள? போன் இல்லையா உங்க வீட்டுல?"

"சாவை ஆள் விட்டுத்தான் சொல்லணும். போன்ல சொல்ற வழக்கம் இங்க இல்ல. இருந்தாலும் உங்க நம்பர் யார்கிட்ட இருந்துச்சு?"

கொண்டுபோன சேலையை உன் படத்துக்கு முன்னால வச்சுட்டு உள்ள போனேன்.

உள்ள கட்டில்ல உன் மாமியா. தொண்ணூறு வயசு, வெள்ளச் சேலை, கண்ணு மங்கிடுச்சு, வாய் மட்டும் மங்கல. "வந்துட்டியா செம்மங்குப்பத்துக்காரி"ன்னா. "பொழுது சாயிற வரைக்கும் எடுக்க விடலடி நான். கோடி வரட்டும் வரட்டும்னு ரோட்டையே பாக்க வச்சேன். இருட்டறதுக்குள்ள எடுக்கணும்னு ஐயருங்க சண்டைக்கு வந்தாங்க. கடேசியில கோடி இல்லாமத்தான் அனுப்புனேன்."

எனக்கு மல்லிப்பூ வாசனை மூக்குல ஏறுச்சு. அவகிட்ட அதைச் சொல்லல. உன்கிட்ட மட்டும் சொல்றேன்.

கெளம்பறப்ப என் கையப் புடிச்சா. "எனக்கும் பொறந்த வீடு அத்துப்போயி முப்பது வருசம் ஆச்சு. நான் போனா கோடி போட ஆளில்ல. நீ வந்து போடுறியா?"

நான் கையை உருவிக்கிட்டேன்.

"கோவத்துல இருக்க. இரு. ஆனா வா. வெள்ள மட்டும் எடுக்காத. அம்பது வருசம் வெள்ள கட்டிட்டேன். கலர்ல எடு."

கயல்கிட்ட என் அட்ரசையும் நம்பரையும் எழுதிக் குடுத்துட்டேன், அந்த வீட்டுல எல்லாரும் பாக்கறமாதிரி. இனிமே ஆள் அனுப்பாதீங்க, போன் பண்ணுங்கன்னு சொல்லிட்டேன்.

அஞ்சல, அந்தப் பின்கட்டை நான் மறக்க மாட்டேன். மறந்தேன்னு பொய் சொல்லி உன்கிட்ட நல்ல பேரு வாங்க மாட்டேன். ஆனா போன் வந்தா, ராத்திரியோ பகலோ, கோவத்தோடவே பஸ் ஏறிப் போயி, நல்ல அரக்கு கலர்ல எடுத்து அவ மேல போடுவேன். உனக்குப் போடாத கை போடும். இது சத்தியம்.

உன்னை இடுப்புல தூக்கி வளத்து, கடேசி நாள்ல வராமப்போன உன் அக்கா,
தனக்கோடி