முள்ளில்லாத கிளை

என் கண்ணுக்குள்ளேயே நிற்கும் அம்மாவுக்கு,

இன்று உன் தலைத்திவசம். பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். உன் கொடி ரோஜாவுக்கு நான் செய்த தப்பை உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

நீ போய்ப் பதினாறாம் நாள் முடிந்ததுமே அத்தை ஆரம்பித்துவிட்டார். "முள்ளுச்செடி வாசல்ல நின்னா வீட்டுக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னேன். கேட்டாளா உங்கம்மா?"

அப்பா பதுளைக் கடைவீதிக்குக் கிளம்பியவர், கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "தலைத்திவசம் வரைக்கும் நிக்கட்டும், அக்கா. அதுக்குள்ள ஒரு பூகூடப் பூக்கலைன்னா நானே வேரோட எடுத்துடறேன்."

அடுத்த மாதமே அடியிலிருந்து புதிதாக ஒரு கிளை கிளம்பியது. வழவழவென்று, முள்ளே இல்லாமல். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். "இதுல முள்ளே இல்ல பாருங்க, அத்தை." தொட்டுத் தடவிப் பார்த்தார்.

மறுநாள் அவர் சேலை பழைய கிளையில் மாட்டிக் கிழிந்தது. பயந்துபோய், முள் கிளைகளையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். அரிசி கழுவின தண்ணீர் ஊற்றி, தேயிலைச் சக்கை போட்டு வழவழப்பான கிளையை வளர்த்தேன். அது கூரையைத் தொட்டது. ஒரு மொட்டுகூட வைக்கவில்லை.

திவசத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, ரோஜா இலையைக் கொப்பியில் வரைய உட்கார்ந்தேன். பழைய கிளையில் ஒரு காம்புக்கு ஐந்து இலை. புதியதில் ஏழு. இரண்டாம் தடவையும் எண்ணிப் பார்த்தேன். பூனாகலை பங்களாவில் தோட்டவேலை செய்யும் மாமா இந்த ஒட்டுச்செடியைக் கொண்டுவந்த அன்று நீ என்ன சொன்னாய்? "ஒட்டுப்போட்ட கட்டுக்கு மேலே வர்றதுதான் நம்ம ரோஜா. கீழே வர்றது காட்டுச்செடி. விட்டா இதைத் தின்னுடும்."

மண்ணைக் கிளறினேன். அந்தக் கிளை ஒட்டுக்கட்டுக்கு நாலு விரல் கீழே முளைத்திருந்தது.

எப்படி மறந்தேன், அம்மா? திட்டு வாங்கக்கூடாது என்று உன் செடியைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

அதை அடியோடு பிய்த்தெடுத்தேன். அத்தை பார்த்துக்கொண்டே நின்றார். "முள்ளில்லாத நல்லதைப் பிடுங்கிட்டு முள்ளை வச்சிருக்கியே. உங்கம்மா மகதான்டி நீ."

நாட்கள் ஓடின. வெட்டுப்பட்ட முள் கிளையில் ஒரு சிவப்புத் துளிர் வந்தது. அது ஜன்னல் உயரம் ஏறி, இரண்டு வாரத்துக்கு முன் நுனியில் ஒரு மொட்டு வைத்தது. நமுனுகுல மலையிலிருந்து பனி இறங்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்ப்பேன். கருகிவிட்டால்?

இன்று காலை மொட்டில் ஒரு கீற்றுச் சிவப்புத்தான் தெரிந்தது. மண்வெட்டி சுவரில் சாத்தியிருந்தது. "மொட்டு பூக்கணக்குல வருமாடா?" என்று அத்தை கேட்டார். அப்பா கிளையை மெல்ல வளைத்து, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே உள்ளே விட்டு, உனக்காக ஏற்றிய விளக்குக்கு எதிரே வாழைநாரால் கட்டினார். "நாளைக்குக் காலையில பார்த்துக்கலாம், அக்கா."

சற்று முன் பனி இறங்கிவிட்டது. அத்தை ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தார். இந்த ஜன்னல் கதவில் கை வைத்தார். சாத்தினால் கிளை நசுங்கிவிடும்.

அவர் கதவை இன்னும் அகலமாகத் திறந்து, கொக்கியை மாட்டினார். "குளிரும். கம்பளியை எடுத்துப் போட்டுக்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நாளைக்கு விரியுமா, எனக்குத் தெரியாது. ஆனால் இனி யாருக்கும் பயந்து கட்டுக்கு மேலே கத்தி வைக்கமாட்டேன், அம்மா. இது சத்தியம்.

அத்தை சொன்னபடியே,
உன் மகள்தான்,
வள்ளி