இடைவேளையில் இடம் மாறாதவள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். பிஸ்கட் ஃபாக்டரி வேலையும் பழகிவிட்டது.

சனிக்கிழமை இங்கே மார்வுட்டுக்கும் பக்கத்து ஊர் கெல்பிக்கும் ஃபுட்பால் மேட்ச். வீட்டுக்காரம்மா மூரியல் என்னையும் அழைத்துப்போய், மார்வுட் ஆட்களோடு கோலுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். இடைவேளையில் டீ வாங்கிக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பினால், சுற்றிலும் கெல்பிக்காரர்கள்! நம்மூரில் ஒரு கோலுக்குப் பின்னால் ஆறு ஓடுவதால் யாரும் இடம் மாறுவதில்லை. இங்கேயோ, தங்கள் அணி கோல் போடப்போகும் பக்கத்துக்கு இரண்டு கூட்டமும் மாறிக்கொள்ளுமாம்.

"ஏம்மா, வேவு பாக்க அனுப்பிச்சாங்களா?" என்றார் ஒரு கிழவர்.

"பேச்சே இந்தப் பக்கத்துப் பேச்சு இல்லையே," என்றாள், என் பதிலைக் கேட்ட அவர் மனைவி.

அந்த நேரம் பார்த்துக் கெல்பி கோல் போட்டது. சந்தேகத்தையெல்லாம் மறந்து கிழவர் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து மூரியல் அதைப் பார்த்துவிட்டார்.

"போயும் போயும் கெல்பிக்காரிக்கா ரூம் குடுத்தேன்?" என்று வழி நெடுகப் புலம்பினார். இப்போது எனக்கு வரும் தபாலையெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தருகிறார். எல்லாம் வேடிக்கைதான், கவலைப்படாதீர்கள்.

என் அலமாரியில் நம்மூர் அணியின் பெயர் போட்ட மஞ்சள் ஸ்கார்ஃப் இருக்கும். அனுப்பிவையுங்கள். குளிருக்காக இல்லை.

பொட்டலத்தை அழுத்தி ஒட்ட வேண்டாம். மூரியல் பிரித்துப் பார்க்கட்டும். எனக்கும் ஓர் ஊர் இருக்கிறதென்று தெரிந்துகொள்ளட்டும்.

ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் பிரயனி