இடப்பக்கமே சாயும் ஜாய்ஸ்டிக்

சுருளிப்பட்டி
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் விஜய்ராஜுக்கு அம்மா எழுதிக்கொண்டது. சுருளி வேலப்பர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், கனடாக் குளிரில் நீயும் நாகஜோதியும் என் பேத்தி திரிஷாவும் அதேபோல் இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள், அதுவும் ஆபீஸ் விலாசத்துக்கு என்று நினைப்பாய். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள், நாகஜோதி பக்கத்திலேயே இருக்கிறாள், தங்கமான பிள்ளைதான், ஆனாலும் நான் சொல்லப்போவது அவளைப் பெற்ற ஆண்டிபட்டிச் சம்பந்தியைப் பற்றி. கார்த்திகையில் ஊருக்கு வருகிற உன் சிநேகிதரிடம் எனக்கு நல்ல உசத்தியான ஜாய்ஸ்டிக் ஒன்று கொடுத்துவிடுவதாக முந்தாநாள் சொன்னாய் அல்லவா, அது எனக்கு வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைத்தான் எழுதுகிறேன், அவசரப்படாமல் படி.

ஆவணியில் உன் பெரியப்பா மகன் பாண்டீஸ்வரன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தேனிக்குப் போனோம். பந்தியில் என் பக்கத்து இலையில் உன் மாமியார். டீச்சராக இருந்தவர்கள் இல்லையா, பேசினால் கடைசி இலைக்கும் கேட்கும். நேத்து உங்க தோட்டத்துக்கு மேலதான் சம்பந்தி நானும் பேத்தியும் பறந்தோம், உங்க மாடியில காயப்போட்ட சேலைகூடத் தெரிஞ்சுச்சு, அண்ணாந்து பாத்திருந்தீகன்னா கையாட்டியிருப்பேன் என்றார்கள். சுற்றி இருந்த பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள், எனக்குப் பாயசம் இறங்கவில்லை. பிறகு விசாரித்தால், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற விளையாட்டாம், இவர்கள் ஆண்டிபட்டியில் உட்கார்ந்து ஒன்றை ஓட்டுவார்களாம், திரிஷா கனடாவில் உட்கார்ந்து ஒன்றை ஓட்டுவாளாம், விளையாட்டுக்குள்ளே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பறக்குமாம், பேசிக்கொண்டே போகலாமாம். ஞாயிறு தவறாமல் நடக்கிறது, எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. என்னிடம் அந்தப் பிள்ளை பேசுவது சாப்பிட்டீங்களா அப்பத்தா, சாப்பிட்டேன் ஆத்தா, நீ சாப்பிட்டியா, அதோடு சரி, போன் உன் கைக்கு வந்துவிடும். அங்கேயோ பொழுது சாய்கிறவரை பேச்சு. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன், கையில் பிடிக்கிற ஜாய்ஸ்டிக்கை மருமகன்தான் வாங்கி அனுப்பினார் என்று ஒரு வார்த்தை சொன்னார்கள் பார், அதில்தான் எனக்கு வயிறு எரிந்தது. பெற்ற மகனிடம் எழுதுகிறேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

ஊருக்கு வந்ததும் கம்பத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற அஜய்குமாரைப் பிடித்து, இருப்பதிலேயே மலிவான ஜாய்ஸ்டிக் ஒன்றை வரவழைத்தேன். திரிஷா போன லீவில் விட்டுப்போன கம்ப்யூட்டரில் அவனே விளையாட்டையும் போட்டுக் கொடுத்தான். பஸ் கியர் மாதிரி ஒரு பிடி, வெறும் பிளாஸ்டிக், கனமே இல்லை. அடியில் நாலு ரப்பர் கிண்ணம், அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் என்றான், நம் மர மேசையில் ஒட்ட மாட்டேன் என்றது. சில்வர் தாம்பாளத்தில் கப்பென்று ஒட்டியது, அதனால் தாம்பாளத்தோடு மேசையில் வைத்து இரண்டு பக்கமும் செங்கல்லை அண்டக் கொடுத்தேன். பட்டன்களில் இருக்கிற இங்கிலீஷ் எனக்கு ஓடவில்லை, ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டேன், சிவப்புப் பொட்டு பிரேக், பச்சைப் பொட்டு வெளியே நின்று விமானத்தைப் பார்க்க. உன் அப்பா பார்த்துவிட்டு, என்ன அய்யம்மா, இதைப் பொண்ணு பாக்க வாராகளா, பொட்டும் தட்டுமா வச்சிருக்க என்று கேட்டாக. வாரம் முழுக்கப் பழகினேன். புல்லுக்கட்டு தூக்கின கை, லேசாகத் தொட வேண்டியதை அழுத்திப் பிடித்து எத்தனையோ தடவை விமானத்தைக் குப்புறக் கவிழ்த்தேன், ஆனாலும் ஐந்தாவது வரைக்கும் படித்த எனக்கு ஆகாயத்தில் நேராகப் போகத் தெரிந்துவிட்டது. அதற்குள் ஆயுத பூஜை வந்தது. மருந்தடிக்கிற மெஷின், திராட்சைக் கொடி வெட்டுகிற கவாத்துக் கத்தரி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது இதையும் விட மனசில்லை, இழைத்த சந்தனத்தைப் பிடியைச் சுற்றி நன்றாகவே அப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சாயந்திரம் திரிஷாவைக் கூப்பிட்டேன். அப்பத்தா நீங்களா என்று நம்பவே மாட்டேன் என்கிறாள். அம்மாச்சி மதுரை ஏர்போர்ட்டில் ரெடியாக இருப்பாங்க, நாம உங்க ஊர்ல இருந்து கிளம்பிப் போய் அவங்களோட சேர்ந்துக்கலாம் என்றாள். அங்கேயும் அவர்கள்தானா என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊருக்கு மேலே ஆகாயத்திலேயே ஆரம்பித்தோம். நான் எவ்வளவு நேராகப் பிடித்தாலும் விமானம் இடது பக்கமே சாய்கிறது. வலது பக்கம் இழுத்தால் நிமிரும், கையைத் தளர்த்தினால் திரும்பவும் சாயும். உத்தமபாளையம் வந்தது, அப்படியே வளைந்து கேரளா மலை வந்தது, கூடலூர் வந்தது, மேகமலை வந்தது, திரும்ப நம் ஊர். எனக்கு வெட்கமாகப் போயிற்று, நீ போ ஆத்தா, அம்மாச்சி காத்துக்கிட்டு இருப்பாக, இந்த வண்டி மதுரைக்கு வராது என்றேன். அவள் போகவில்லை விஜய்ராஜ். நானும் லெஃப்ட்லயே திருப்புறேன் அப்பத்தா, உங்க பக்கத்துலயே வர்றேன் என்று சொல்லி, நான் போட்ட வட்டத்தை எல்லாம் அவளும் போட்டாள்.

நேராகப் போகிற வழியில் பேச என்ன இருக்கிறது, அடுத்த ஊர் எது, எங்கே இறங்க வேண்டும், அவ்வளவுதான். வட்டமடித்தால் பார்த்த இடத்தையே பார்க்க வேண்டியிருக்கிறது, பிள்ளைக்குக் கேள்வி வருகிறது. அந்தப் பச்சை என்ன என்றாள், திராட்சைப் பந்தல் என்றேன். உங்க வீடு எது என்றாள், தேடினால் நம் வீட்டைக் காணோம், அந்த இடத்தில் விளையாட்டே தன் இஷ்டத்துக்கு ஓர் ஓட்டு வீட்டை வைத்திருக்கிறது, மாடியும் இல்லை, காயப்போட்ட சேலையும் இல்லை. கல்யாண வீட்டில் உன் மாமியார் சொன்னது எல்லாம் அளப்பு என்று அப்போதே தெரிந்தது. அப்பா சின்ன வயசுல எங்கே குளிப்பாங்க என்று கேட்டாள், நீ வாய்க்காலில் டவுசரைத் தொலைத்துவிட்டு வாழை இலையைச் சுற்றிக்கொண்டு வீடு வந்ததைச் சொன்னேன், அவள் சிரித்த சிரிப்பில் அவள் விமானமே ஆடியது. பிறகு அவளாகவே, ஸ்கூலில் சாப்பாட்டு நேரத்தில் தன் பக்கத்தில் யாரும் உட்கார்வதில்லை என்று சொன்னாள். அம்மாவுக்குத் தெரியாது, அம்மாச்சிகிட்டயும் சொல்லலை என்றாள். நீயும் அறிந்திருக்க மாட்டாய். அவளிடம் போய் விசாரணை வைக்காதே, காலையில் பள்ளிக்கூடத்தில் விடுகிறபோது காரைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டு, சொல்ல நினைத்தால் சொல்லட்டும்.

மறுநாள் அஜய்குமார் வந்து பிடியைக் கழற்றிப் பார்த்தான். ஆத்தா, சந்தனம் உள்ள இறங்கிக் காஞ்சு கெட்டியாக் கிடக்கு, அதான் நடுவுக்கு வர மாட்டேங்குது, பிரஷ் வச்சுச் சுரண்டுனா சரியாயிரும் என்றான். இருந்த மாதிரியே மூடுடா என்றேன். அவன் உன் அப்பாவைப் பார்த்தான், உன் அப்பா அவனைப் பார்த்தாக. நேராகப் போனால் மதுரை வந்துவிடும், மதுரை வந்தால் உன் மாமியார் வந்துவிடுவார்கள், அது இவர்களுக்கு எங்கே புரியும். அடுத்த ஞாயிறும் நாங்கள் இங்கேயேதான் சுற்றினோம். நேற்று சம்பந்தி போன் போட்டு, என்ன சம்பந்தி, ரெண்டு வாரமா ஓடுபாதையில இஞ்சினைப் போட்டுட்டு உக்காந்திருக்கேன், பிள்ளை வந்து எட்டிப் பாக்கலையே என்றார்கள். என் வண்டி ஒரு பக்கமாவே போகுது சம்பந்தி, பிள்ளை எனக்குத் துணைக்கு வருது என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களுக்கு மற்றப் பேரன் பேத்திகள் எல்லாம் அதே தெருவில் இருக்கிறார்கள், தட்டினால் கதவு திறக்கும். எனக்கு திரிஷா ஒருத்திதான்.

ஆகவே உன் ஜாய்ஸ்டிக் வேண்டாம். அதன் காசுக்கு அவளுக்கு நல்ல கம்பளிச் சட்டை எடுத்துக்கொடு. திரிஷாவிடம், அம்மாச்சியோடு சனிக்கிழமை மதுரையோ டெல்லியோ எங்கே வேண்டுமானாலும் நேராகப் போய்க்கொள்ளட்டும் என்று சொல், நீ சொன்னதாகச் சொல், நான் சொன்னதாக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையை எனக்கு விட்டுவிடு.

நாகஜோதிக்கும் திரிஷாவுக்கும் என் ஆசீர்வாதம். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் ஒற்றுமையாக இருங்கள். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. இதை வீட்டுக்கு எடுத்துப் போகாதே, படித்ததும் ஆபீசிலேயே கிழித்துவிடு.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
அய்யம்மாள்