தகரத் தெருவின் பங்காளிக்கு

அக்கா,

இன்று காலை கடையைத் திறந்ததும் தார் வாசனை. விடுதிக் கூரையில் தகரமும் தகரமும் சேரும் இடங்களில் ஒழுகுகிறது என்று ஆள் வைத்திருக்கிறோம். தெருவோரமாகக் கல்லைக் கூட்டி, பழைய டின்னில் தாரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். குளிருக்கு அந்த நெருப்பைச் சுற்றிச் சிலர் நின்றிருந்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் அவர்களோடு நின்று, இந்தத் தார் எந்த ஊரிலிருந்து வருகிறது, எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று அந்த ஆளை வேலை செய்யவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்த நினைப்பு வந்த பிறகு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தைக்க வேண்டிய கோட்டை மடித்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்ததே வழி தவறித்தான். வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பங்களாவை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. பழனி அடிவாரத்தில் உங்கள் வீட்டாருக்குப் பஞ்சாமிர்தக் கடை. கொடைக்கானலில் ஒரு பங்களாவின் சாமான்களை ஏலம் விடுகிறார்கள், பெரிய கண்ணாடி ஜாடிகள் மலிவாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, வத்தலக்குண்டு வந்து பஸ் மாறி மலையேறி வந்திருந்தீர்கள். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிலையத்துக்குக் குறுக்கு வழி என்று நினைத்துத் தகரத் தெருவுக்குள் இறங்கி, என் தையல் கடை இறவாரத்தில் ஒதுங்கினீர்கள்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே தெருவை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

“ஏன் தம்பி, இத்தன கட பூட்டிக் கெடக்கு?”

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பங்களாக்களுக்குத் துணி வெளுத்தவர்கள், சமையல்காரர்கள், ரிக்ஷா இழுத்தவர்கள், தோட்ட வேலைக்காரர்கள் எல்லாரும் குடியிருந்த தெரு அது. பங்களாக்கள் காலியானதும் தெருவும் காலியானது. போக்கிடம் இல்லாதவர்கள் மட்டும் இருந்தோம். கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. பின்னாலிருந்த மலைச்சரிவு மழைக்கு மழை ஊறி வீட்டுச் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தது. வீடுகளுக்குச் சொந்தக்காரரான மதுரைக்காரருக்கு வாடகை போய்ச் சேர்ந்தால் சரி. துரைமார் போனார்கள், பிழைப்பும் போனது என்று சுருக்கமாகச் சொன்னேன்.

“அவங்க போனாங்க, சரி. இங்கயே இருக்கவங்க இருக்காங்கல்ல, அவங்க எங்க போயி சாமான் வாங்குறாங்க, எங்க தங்குறாங்க?” என்று கேட்டீர்கள்.  மழை விட்டதும் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

அடுத்த மாதம் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, என் கடைக்கு அடுத்து பூட்டிக் கிடந்த அறையை வாடகைக்குக் கேட்டபோது தெருவே வேடிக்கை பார்த்தது. கோபித்துக்கொண்டு வந்த மருமகள் என்றார்கள். நோய்க்குக் காற்று மாற வந்தவர் என்றார்கள். வீட்டுக்காரர் காலமான பிறகு கொழுந்தனார் உங்கள் பங்கைப் பணமாகக் கொடுத்து, மரியாதையாகக் கடையை விட்டு இறக்கிவிட்டார் என்பது எனக்குத் தெரியவர வெகுகாலம் ஆனது.

அந்த மாதம் முழுக்க நீங்கள் செய்த சோலி ஒன்றே ஒன்றுதான், கேள்வி கேட்பது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வீட்டில் அடுப்பு இல்லை, சுமை தூக்குகிறவர்கள் மத்தியானம் எங்கே சாப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தை ஓரமாக நின்றுகொள்வீர்கள். மேல்மலைக் கிராமங்களான கவுஞ்சியிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஏற்றிய மட்டக்குதிரைகளோடு குடியானவர்கள் முதல் நாளே வந்துவிடுவார்கள். மூடிய கடை வாசல்களில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடப்பார்கள். குதிரையைக் கட்ட இடமில்லை. விற்காத மூட்டையை வைக்கவும் இடமில்லாததால், சாயங்காலம் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். ஆனால் அதைக் கண்டுபிடித்தது நீங்கள்.

ஒருநாள் வெள்ளனே வந்து என் மேசையைத் தட்டினீர்கள். “ஊரே சீசனுக்குக் கீழேருந்து வர்றவங்களப் பாத்துக்கிட்டு நிக்குது தம்பி. மேலேருந்து வாரா வாரம் வர்றவங்கள ஒருத்தரும் பாக்கல.”

மதுரைக்காரரிடமிருந்து தெருவை வாங்கிவிடுவது, பூட்டிய வீடுகளைச் சேர்த்துக் குடியானவர்களுக்கு ஒரு விடுதி, கீழே மூட்டை வைக்கக் கிட்டங்கி, பின்னால் குதிரைகளுக்குக் கொட்டகை. இதுதான் உங்கள் யோசனை. அதே சமயம் ஓட்டல்காரர் ஒருவரும் தெருவைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கைக்குப் போனால் இருக்கிற வீடுகளை இடித்துவிட்டுச் சீசன்காரர்களுக்கு மாடி கட்டுவார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் நீங்கள் வாங்குவதில் எங்களுக்குச் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். இல்லை. பழனிக்கார அம்மா என்றாலும் முதலாளி முதலாளிதானே என்றுதான் இருந்தோம்.

அதைத் தெருமுனையில் எல்லாரும் கூடியபோது முகத்துக்கு நேராகச் சொன்னவள் ரோசம்மாள். துணி வெளுத்துப் பிழைத்த விதவை, கடைசி வீட்டுக்காரி. நீங்கள் எல்லாரையும் பங்காளியாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். பணமில்லாதவர்கள் கட்டட வேலை செய்யலாம், பாதிக் கூலி கையில், மீதி பங்காக நிற்கும் என்றீர்கள். அப்போதுதான் அவள் எழுந்தாள்.

“பங்கெல்லாம் சரிங்க. நாளைக்கு நல்ல வெல வந்தா நீங்க வித்துட்டுப் போயிருவீங்க. அன்னைக்கு எங்க பொழப்பு எங்க கெடக்கும்?”

நீங்கள் அதற்குக் கோபப்படவில்லை. மறுநாள்தான் பதில் சொன்னீர்கள். யார் எவ்வளவு போட்டிருந்தாலும் ஒரு வீட்டுக்கு ஒரு குரல்தான். ஒரே ஒரு வீடு வேண்டாம் என்றாலும் தெருவை விற்கக் கூடாது. இதைப் பத்திரத்தில் எழுதச் சொன்னபோது வக்கீல் சிரித்தார். உங்கள் பணத்துக்கு நீங்களே விலங்கு மாட்டுகிறீர்கள் என்றார். “பங்காளின்னாலே சண்டதான வக்கீலய்யா. சண்ட போடவும் ஒரு மொற வேணும்ல” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

நீங்கள் எழுதவைத்த அந்த விதியில் முதலில் தோற்றதும் நீங்கள்தான். விடுதியைக் கட்டி வருமானம் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைச் செய்யலாம் என்றீர்கள். தெரு, பின்பக்கத் தடுப்புச் சுவரும் சாக்கடையும் முதலில் வேண்டும் என்றது. இரண்டு நாள் யாரோடும் பேசாமல் அறைக்குள் இருந்தீர்கள். பிறகு வந்து, எந்தப் பாறையிலிருந்து கல் உடைக்கலாம் என்று கேட்டீர்கள். அந்த வருஷ ஐப்பசி மழையில் அடுத்த தெருவில் சரிவு இறங்கி இரண்டு வீடு சாய்ந்தது. எங்கள் சுவர் நின்றது.  அதற்குப் பிறகு தினமும் ஒருமுறை போய் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

விடுதி வந்தது. முதலில் குடியானவர்கள் உள்ளே வரக் கூசினார்கள். காசு கொடுத்துத் தூங்குவதா என்றார்கள். மூட்டை வைக்க மட்டும் வந்தவர்கள், ஒரு பனிக்காலம் கழிந்ததும் தங்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்காக ஒரு டீக்கடை திறந்தது. லாடம் அடிப்பவர் ஒருவர் அடுக்கம் கிராமத்திலிருந்து வந்து குடியேறினார். கம்பளிக் கோட்டைப் பிரித்துத் தைக்க என்னிடமும் ஆள் வந்தது. பூட்டிய கதவு ஒன்றுகூட இல்லாத தெருவாகத் தகரத் தெரு மாறியபோதுதான் அந்த ஓட்டல்காரர் திரும்ப வந்தார்.

அவர் சொன்ன விலை நாங்கள் கனவிலும் நினைக்காதது. கிட்டங்கியில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து பேசினோம். ஒவ்வொரு வீடாகச் சம்மதம் சொன்னது. நானும் சொன்னேன். நீங்கள் சம்மதம் சொன்னபோது குரல் கொஞ்சம் அவசரமாக இருந்ததைக் கவனித்தேன். ரோசம்மாள் மட்டும் வேண்டாம் என்றாள். சிலர் அவளைத் திட்டினார்கள். அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு அவள் துணி துவைக்கும் கல்லுக்குப் போனீர்கள். சமாதானம் பேசப் போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

“ஏன் வேண்டாங்குற ரோசம்மா? கோவத்துல கேக்கல. தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.”

அவள் துணியைக் கல்லில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “ரூவா கொஞ்ச நாளைக்கு இருக்கும்க்கா. அப்புறம் நான் மறுபடியும் யார் வீட்டுப் பின்வாசல்லயாவது நின்னு வெளுக்கத் துணி கேக்கணும். இங்க நான் ஒரு வார்த்த சொன்னா, நீங்க என்னையத் தேடி வந்து ஏன்னு கேக்குறீங்க. அத விட்டுட்டு நான் எங்க போவேன்?”

நீங்கள் அவள் துவைத்து வைத்திருந்த துணியை எடுத்துப் பிழிந்து வைத்தீர்கள். பிறகு, நான் அதுவரை கேள்விப்படாத ஒன்றைச் சொன்னீர்கள். “எங்க கொழுந்தனாரு கடைய விக்கிறாரு. அது எங்க வீட்டுக்காரரு ஒக்காந்த எடம். என்னைய எறக்கிவிட்ட எடமும் அதுதான். வாங்கிரலாம்னு ஒரு ஆச.”

ரோசம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். “அப்ப நான் சரின்னு சொல்லணுமாக்கா?”

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுகிற முகம் அது. ஒரு தலையசைப்பு போதும், பத்திரத்தில் எழுதிய விதியைத் தாண்டிப் பழனிக் கடை உங்கள் கைக்கு வந்திருக்கும். நீங்கள் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

“வேண்டாம். நீ என்ன நெனக்கிறியோ அதத்தான் சொல்லணும்.”

அந்த வாரம் ஓட்டல்காரருக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினோம். பழனிக் கடை வேறு கைக்குப் போனது. நீங்கள் ஒருமுறை கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெயர்ப் பலகையை மாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னீர்கள்.

பல வருஷம் கழித்து, குளிர் ஒத்துக்கொள்ளாமல் நீங்கள் தங்கை வீட்டோடு இருக்கப் பழனிக்குக் கிளம்பிய அன்று, பஸ் நிலையத்தில் உங்களிடம் கேட்டுவிட்டேன். அந்தக் கடை கைவிட்டுப் போனபோது வலிக்கவில்லையா? நீங்கள் பெட்டியின் மேல் உட்கார்ந்து யோசித்தீர்கள்.

“வலிச்சுச்சு தம்பி. ஆனா அந்தத் தெருவுல ஒருத்தி எம் மொகத்தப் பாத்து வேண்டாம்னு சொல்றா. நான் வந்தப்ப முதலாளின்னு ஒதுங்கி நின்ன தெரு. எப்பருந்து இப்படி மாறுச்சுன்னு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. இன்னும் அதத்தான் யோசிக்கிறேன்.”

பஸ் கிளம்பும்போதும், மேற்குப் பக்க ஜன்னலில் ஏன் கண்ணாடி இல்லை என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய செய்தி வந்தபோது கவுஞ்சிக்காரர்களும் எங்களோடு பஸ்ஸேறிக் கீழே வந்தார்கள். உங்கள் பங்கு இப்போது உங்கள் தங்கை பெயரில் இருக்கிறது. அவரும் கூட்டத்துக்கு வருகிறார், அதே ஒற்றைக் குரலோடு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம் ஒன்று இந்த வருஷம் கடைசி அறையில் குடியேறியிருக்கிறது. அவர்களுக்கும் குரல் உண்டா என்று ஒரு பேச்சு வந்தது. வாடகைக்கு இருக்கிறவர்கள்தானே என்று சிலர் சொன்னார்கள். கூலியில் பாதியைப் பங்காக வைக்கச் சொல்லி அவர்களையும் சேர்த்துக்கொண்டோம்.

கூட்டத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன். எல்லாரும் சரி என்று சொன்ன பிறகும், பின்னால் உட்கார்ந்து வாய் திறக்காதவர் யார் என்று என் கண் தேடுகிறது. இது உங்களிடமிருந்து தொற்றியது. போன ஞாயிற்றுக்கிழமை, ரோசம்மாள் காலத்துத் துவைக்கிற இடத்தை எடுத்துவிட்டுச் சீசன்காரர்களுக்கு நான்கு கடை கட்டலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். நல்ல யோசனைதான், பல மாதம் யோசித்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தோட்டக் குடும்பத்துப் பெண் செல்லம்மா மூலையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் சொன்னது சரிதான் அக்கா, வலிக்கத்தான் செய்கிறது. இந்தக் கோட்டை முடித்ததும் அவள் வீட்டுக்குப் போகிறேன். ஏன் என்று கேட்க வேண்டும்.

உங்கள் தம்பி