முத்திரையை மட்டும் பார்த்தார்

அண்ணே,

மழை ஈரம் ஏறிவிடுமோ என்று பயந்து இன்று உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். கடிதங்களில் இன்னும் ரப்பர் புகை வாசனை. ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் ஸ்டோரில் வேலைக்கு நடுவே எடுத்தெடுத்துப் படித்தவை, வாசனை எங்கே போகும்?

கீர்த்தனை இயற்றும் பெரியவர்களுக்குத் இலங்கையில், தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு தொழிலாளி கடிதம் போடுகிறார் என்றால் யார் நம்புவார்கள்? நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளே சிரித்தன. "ஒங்க கையெழுத்துல ஒரு பல்லவி போதுங்க" என்று எழுதுவீர்கள். அவர்களும் அனுப்பினார்கள். அழகாக நகலெடுத்து வந்ததை ஓரமாக வைத்துவிட்டு, அடித்துத் திருத்தியதைத்தான் எனக்குக் காட்டுவீர்கள். "பாருங்க தம்பி, எவ்வளவு பெரிய மனுஷன், இந்த எடத்துல தடுமாறியிருக்காரு!" அதில் உங்களுக்கு அப்படியொரு சந்தோஷம்.

பிரஜாவுரிமை கேட்டு நீங்கள் போட்ட மனுவை விசாரிக்க அதிகாரி வந்தபோது, தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கான நான்தான் சிங்களத்தில் மொழிபெயர்த்தேன். நீங்கள் பிறந்தது இங்கே, அப்பாவைப் புதைத்தது இங்கே, எல்லாம் சொன்னோம். அவர் முகம் இளகவில்லை. நீங்கள் சாதாரண ஆள் இல்லை என்று காட்டினால் மதிப்பார் என்ற புத்தி எனக்குத்தான் வந்தது. உங்களைக் கேட்காமலே லயத்துக்கு ஓடி, பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தேன்.

அவர் ஒரு வரியும் படிக்கவில்லை. உறைகளில் இருந்த தபால் முத்திரைகளைப் பார்த்தார். "மேவா ஒக்கொம இந்தியாவெந்த?" எல்லாமே இந்தியாவிலிருந்தா என்று கேட்டார்.

"ஓவ் மாத்தயா", ஆமாம் ஐயா என்றேன், பெருமையாக.

அங்கே இத்தனை தொடர்பு உள்ளவர் அங்கேயே போகலாம் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

கப்பலேறப் புறப்பட்ட அன்று பெட்டியை என் கையில் தந்தீர்கள். "நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சீங்க, விடுங்க தம்பி. அங்க போயி அவங்களையே நேர்ல பாத்துக்குவேன்." ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் நீங்கள். நீலகிரித் தேயிலை மலையிலிருந்து மாதம் தவறாமல் எழுதினீர்கள். ஒருவரையும் பார்க்கக் கிடைக்கவில்லை, குளிர்தான் நெஞ்சைப் பிடிக்கிறது என்றீர்கள்.

அடுத்த வருடம் என் மனுவுக்கு விசாரணை. இந்தியாவில் யாராவது உண்டா என்று கேட்டார்கள். அன்று காலை வந்த உங்கள் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. "யாருமே இல்லைங்க" என்றேன். எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது.

பயத்தில் பதில் எழுதுவதையும் நிறுத்தினேன். "தம்பிக்கு ஒடம்புக்கு முடியலையா?" என்று மூன்று தடவை கேட்டு எழுதினீர்கள். நான்காவது கடிதத்தை உங்கள் மகள் எழுதியிருந்தாள், நீங்கள் போய்விட்டீர்கள் என்று. அதற்கும் நான் பதில் போடவில்லை.

அந்தப் பொய்யோடுதான் இந்த நாட்டில் இருக்கிறேன். இந்தியாவில் எனக்கு ஒருவர் இருந்தார், அண்ணே.