படகில் விழுங்கிய மாத்திரை

ஞாயிறு இரவு, செஞ்சி

பாண்டிச்சேரி கடலுக்குள் முங்கி மீன் பார்க்க வேண்டும் என்பது என் மனைவி செல்வியின் ரொம்ப நாள் ஆசை. இன்று அழைத்துப் போனேன். திண்டிவனம் போகிற பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிற ஆள் நான். காலையில் வாந்தி மாத்திரை ஒன்று போட்டேன். படகு ஆட ஆரம்பித்ததும் செல்விக்குத் தெரியாமல் இன்னொன்றையும் விழுங்கினேன்.

இறங்கும் முன் பயிற்சியாளர் கேட்டார்: "யாராவது மாத்திரை போட்டிருக்கீங்களா? தூக்கம் வரும், கீழ அது ஆபத்து. மறைக்காதீங்க."

செல்வி பக்கத்தில் நின்றாள். "இல்ல சார்" என்றேன்.

கீழே போனதும் கண் சொக்கியது. வாயில் கவ்வியிருந்த காற்றுக்குழாய் நழுவியதுகூடத் தெரியவில்லை. செல்விதான் பார்த்துவிட்டுப் பயிற்சியாளரின் கையை இழுத்திருக்கிறாள். அவர் குழாயை என் வாயில் வைத்து அழுத்தி, இரண்டு பேரையும் மெல்ல மேலே கொண்டுவந்தார். அப்போதுதான் அவளுக்கு மீன்கள் தெரிய ஆரம்பித்ததாம்.

படகில் உண்மையைச் சொன்னேன். பயிற்சியாளர் கத்தினார். செல்வி கத்தவில்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க படகுல உக்காந்திருப்பீங்க, நான் பாத்துட்டு வந்திருப்பேன். அதுல இன்னா கொறஞ்சிடும்?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என் நைனா கேட்டார்: "இன்னாம்மா, மீனெல்லாம் பாத்தீங்களா?"

"எனக்குப் பயம் வந்துடுச்சி மாமா. பாதியிலயே ஏறிட்டோம்" என்றாள் செல்வி.

நைனா அவளைக் கேலி செய்து சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.